பூம்பாறைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனது

கொடைக்கானலில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரன் நடப்பான், இல்லாவிட்டால் பஸ் ஏறுவான். மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற ஊரில் சைக்கிளை வைத்துக்கொண்டு யார் மாரடிப்பது? ஏரியைச் சுற்றி மட்டும்தான் ஓட்டுகிற மாதிரி ரோடு. அங்கேதான் வாடகைச் சைக்கிள் கிடைக்கும். ஒவ்வொரு சைக்கிளின் பின் மட்கார்டிலும் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக ஒரு எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்தாலே போதும், டூரிஸ்ட் வந்தாச்சு என்று ஊரே பல்லைக் காட்டும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை, அப்படி எண் போட்ட சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு நான் தனியாகப் பூம்பாறைக்குப் போனேன். இருபது கிலோமீட்டர் இருக்கும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. போனது ஊர் சுற்ற அல்ல, மாப்பிள்ளை பார்க்க. சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை வடகவுஞ்சியில் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அங்கே தோட்ட வேலை பார்த்தார்கள். நாங்கள் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். எனக்குப் பத்து வயதில் தேயிலைத் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீட்டை விட்டுக் கிளம்பி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளை வீட்டாரும் அப்படி வந்தவர்கள்தான். பூம்பாறையில் நிலம் குத்தகைக்குப் பிடித்துப் பூண்டு போட்டிருந்தார்கள். நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் துணி அறையில் வேலை பார்த்தேன். பிள்ளைகளின் சட்டை, பாவாடை, சாக்ஸ் எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் நம்பர் தைப்பது என் வேலை. தங்குவதும் அங்கேயேதான்.

பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவருடைய அத்தையும் மட்டும் வந்தார்கள். அவருடைய அப்பாவுக்கு மூச்சிரைப்பு, மலை ஏறி இறங்க முடியாது என்றார்கள். எங்கள் லயத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கும்போது மாப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பார்ப்பதெல்லாம் கூட வந்த பெண்பிள்ளைதான். நானும் தலையைத் தூக்கக் கூடாது. அப்புறம் என்ன கண்ணராவிக்குப் பெண் பார்ப்பது என்று கேட்டால் பதில் கிடையாது. டீ கொடுக்கக் குனிந்தபோது நான் பார்த்தது அவருடைய கால்களை மட்டும்தான். வலது கால் கட்டைவிரலில் மண்வெட்டி விழுந்த பழைய தழும்பு, நகம் பாதிதான் இருந்தது. "டீ நல்லா இருக்கு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான் மாப்பிள்ளை.

அத்தைக்கு என்னைப் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சம்மதமா இல்லையா என்று நாங்கள் சொல்ல வேண்டும். அம்மா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். "தாயில்லாப் பிள்ள. மாமியார் இல்லாத வீடு கெடைக்கிறதுக்குப் புண்ணியம் பண்ணியிருக்கணும்டி" என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொன்னாள். அப்பா மட்டும் என்னைப் பார்த்து, "நீ சொல்லு தாயி, நீ சொல்றதுதான்" என்றார். அம்மா முடிவு செய்திருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பியிருப்பேன். என்னைச் சொல்லச் சொன்னதும்தான் ஓட வழியில்லாமல் போனது. ஒரு கட்டைவிரலைப் பார்த்துவிட்டு எப்படி ஆயுசுக்கும் பதில் சொல்வது?

போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பஸ்ஸில் போக முடியாது. பூம்பாறை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிலிருந்து கூடைக்காரி வரைக்கும் இன்னார் மகள் எங்கே போகிறாள் என்று கேட்பார்கள். மாப்பிள்ளை ஊருக்குப் பெண் தனியாகப் போனாள் என்று தெரிந்தால் அதோடு போச்சு. விடுதியில் ஒரு வெளிநாட்டு டீச்சர் விட்டுப்போன லேடீஸ் சைக்கிள் இருந்தது. துணி அறைப் பெண்கள் எல்லாரும் கூடைப்பந்து மைதானத்தில் அதில்தான் விழுந்து எழுந்து பழகினோம். அதை வெளியே எடுக்க விட மாட்டார்கள், ஆனாலும் ஓட்டத் தெரியும் என்கிற தைரியம்தான். அந்த வியாழன் எனக்கு வார விடுமுறை.

சேலையில் அவ்வளவு தூரம் மிதிக்க முடியாது. துணி அறையில், படிப்பு முடித்துப் போன பிள்ளைகள் விட்டுப்போன துணிகளைப் போட்டு வைக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு கறுப்புப் பேண்ட், நீலக் கம்பளிச் சட்டை, காதை மூடுகிற தொப்பி. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே யாரோ மாதிரி இருந்தது. பேண்ட்டை மாட்டிக்கொண்டு விடுதி வாசலைத் தாண்டுவதற்குள் உடம்பெல்லாம் கூசியது.

ஏரிக்கரை சைக்கிள்காரர் என்னை ஐந்து வருடமாகப் பார்க்கிறவர். தினமும் அவர் கடை முன்னால்தான் நடந்து போவேன். "வாங்க மேடம், லேக் ரவுண்டுதானே மேடம்?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. என் கைக்கடிகாரத்தை ஈடாக வாங்கி வைத்துக்கொண்டு, சீட்டை என் உயரம் பார்த்து இறக்கிக் கொடுத்து, "பிரேக் குட் கண்டிஷன் மேடம்" என்றார். லேக் ரவுண்டுதானே என்றதற்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

அப்சர்வேட்டரி மேடு வரைக்கும் சைக்கிள் என்னை ஏற்றிப் போகவில்லை, நான்தான் அதைத் தள்ளிப் போனேன். மூச்சு நுரையீரலில் இல்லை, காதில் இருந்தது. குதிரைக்காரர் ஒருவர் கூடவே நடந்து வந்து, "டயர்டா மேடம், ஹார்ஸ் மேல வாங்க, சைக்கிள பசங்க தள்ளுவாங்க" என்றார். பிளம்ஸ் விற்கிற அம்மா, "பிரெஷ் பிளம்ஸ், பிரெஷ் பிளம்ஸ்" என்று கூடையை மூக்குக்கு நேராக நீட்டினாள். நான் சின்னப் பெண்ணாக வந்த புதிதில் இந்த ரோட்டில் நாளைக்கு நாலு வண்டி வந்தால் அதிசயம். இப்போது வளைவுக்கு வளைவு வேன் நிற்கிறது. மரம் கொஞ்சம் விலகி வானம் தெரிந்துவிட்டால் போதும், அங்கே ஒரு வியூ பாயிண்ட் முளைத்துவிடும், அதன் பக்கத்திலேயே மக்காச்சோளம் சுடும் அடுப்பும்.

மேடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் விறகுக் கட்டோடு ஒரு பெண் எதிரே வந்தாள். வடகவுஞ்சியில் எங்கள் அடுத்த வீட்டிலிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். போன பொங்கலுக்கு எனக்குத் தலை பின்னிவிட்டவள். மாட்டிக்கொண்டேன் என்று நின்றேன். அவளோ விறகுக் கட்டைத் தலையில் நேராக்கிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, "போட்டோ? போட்டோ?" என்று சிரித்தாள். என்னிடம் ஏது கேமரா. கையை விரித்தேன். சிரிப்பு பொசுக்கென்று அணைந்தது. "கேமரா இல்லாம வந்துருச்சு பாரு ஒரு தொரசாணி" என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள்.

தப்பித்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அழுகை வந்தது. என் முகத்தை ஒரு ஆள்கூடவா பார்க்கவில்லை? ஒரு தொப்பிக்கும் மட்கார்டு நம்பருக்கும் பின்னால் மனுஷி காணாமல் போய்விடுவாளா? கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே யாரை என்று தெரியாமல் திட்டினேன்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. "அண்ணே, ஒரு டீ குடுங்க, சீனி கொஞ்சமாப் போடுங்க" என்றேன். கடைக்காரர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "தமிழ் நல்லாப் பேசுறீங்களே மேடம்!" என்றார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களிடமும், "நம்ம பேச்சு அப்படியே பேசுறாங்கப்பா" என்று காட்டினார். அவர்களும் மெச்சினார்கள். "கொஞ்சம் கொஞ்சம் வரும்" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. அதன் பிறகு அந்தப் பொய்யை விட்டு இறங்க எனக்குத் தெரியவில்லை.

பூம்பாறைக்கு மேலே ரோடு வளைகிற இடத்துக்குப் போகும்போது இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. கீழே படிப்படியாகப் பூண்டு வயல்களும் நடுவில் ஊரும் கோயிலும் தெரியும். அங்கே வேன்கள் நிற்கும். நான் நினைத்து வந்தது, ஊருக்குள் போய், விசாரிப்பது போல விசாரித்து, வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவது. ஆளைப் பார்த்தால் சரி, பார்க்காவிட்டாலும் சரி. ஆனால் சைக்கிளை நிறுத்தியதுமே ஒரு ஆள் ஓடி வந்தார்.

"வாங்க மேடம், வியூ பாயிண்ட் மேடம். டெரஸ் பார்மிங், மலைப்பூண்டு, எல்லாம் எக்ஸ்ப்ளெயின் பண்றேன். சிலோன் வியூ பார்க்குறீங்களா மேடம்?"

அவர் ரப்பர் செருப்புப் போட்டிருந்த வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலில் தழும்பு, பாதி நகம். மெல்ல நிமிர்ந்தேன். நல்ல முகம்தான். சிரித்தால் ஒரு பக்கம் கோணியது. என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாளைக்கு முன்னால் எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்து டீ குடித்த ஆள். என்னை யாரென்று தெரியவில்லை. எப்படித் தெரியும், பார்த்திருந்தால்தானே?

"சிலோன் வியூவா?" என்றேன்.

"ஆமா மேடம். பனி இல்லாட்டி நல்லாத் தெரியும். உங்க அதிர்ஷ்டம், இன்னைக்கு கிளியரா கெடக்கு."

ஒரு பாறைக்குக் கூட்டிப் போனார். ஏற்கெனவே அங்கே ஒரு குடும்பம் நின்று பார்த்துவிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டிவிட்டுப் போனது. அவர் கையை நீட்டினார். "அந்தா, மலைக்கு அந்தாண்ட வெள்ளையா நீளமாத் தெரியுது பாருங்க. அதான் மேடம் சிலோன்."

நான் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொய் என்று தெரிந்தேதான் பார்த்தேன். மூன்று நாள் ரயிலும் கப்பலுமாக வந்த தூரம், ஒரு பாறையில் ஏறினால் தெரிந்துவிடுமா? ஆனாலும் கண் தேடியது. எங்கள் லயம், குளிக்கிற பீலி, கொழுந்து நிறுக்கிற மடுவம் என்று அந்த வெள்ளையில் என்னத்தையோ தேடியது. அதன் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று விடுதியில் எல்லாருக்கும் தெரியும். அதெப்படி, நாங்கள் அழுதுகொண்டு விட்டுவிட்டு வந்ததை இந்த ஆள் வேடிக்கை காட்டிப் பிழைக்கிறான்?

"ஏங்க, பொழுது சாயுற பக்கத்துல எப்படிங்க சிலோன் இருக்கும்? அது கேரளால்ல?"

அவர் கை அப்படியே நின்றது. சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "ரெண்டு வருசமாக் காட்டுறேன் மேடம். நீங்கதான் மொத ஆளு."

"காட்டுறதுதான் காட்டுறீங்க, கெழக்குப் பக்கமாவது காட்டக் கூடாதா?"

"கெழக்குல மலை மறைக்குதுங்க. ஒண்ணும் தெரியாது. தெரியாத பக்கத்தக் காட்டுனா யாரு நின்னு பார்ப்பா?"

என் கோபம் பாதியில் நின்றுவிட்டது. "பொழைக்க வேற சோலி இல்லியா உங்களுக்கு?" என்று சும்மா ஒப்புக்குக் கேட்டேன்.

"பூண்டு போட்டுருக்கோம். எடுக்க இன்னும் மாசம் இருக்கு. இது சும்மா பகல்ல." பாறையில் உட்கார்ந்தார். மேடம் போடுவது நின்றிருந்தது. "நான் பொறந்ததே அங்கதாங்க. அம்மா இப்பவும் அங்கதான் இருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாயில்லாப் பிள்ளை என்று அத்தை எங்கள் வீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டவள். சரி, இதுவும் வியூ பாயிண்டோடு சேர்ந்த சரக்குதான் என்று தோன்றியது. செத்துப்போன தாயை உயிரோடு இருப்பதாகச் சொல்லி வெளியூர்க்காரர்களை இளக வைக்கிறான். சீ என்று ஆகிவிட்டது.

"இதையும் எல்லார்கிட்டயும் சொல்றதுதானா?" என்று கேட்டேன். நாக்கில் விஷம்தான்.

முகம் சுருங்கிவிட்டது. "இல்லங்க. இத யார்கிட்டயும் சொன்னதில்ல. ஊருக்குள்ள அம்மா செத்துட்டாங்கன்னுதான் பேச்சு. இப்பக் கல்யாணம் பேசியிருக்காங்க. பொண்ணு வீட்லயும் அப்படித்தான் சொல்லியிருக்கு."

பெண் வீட்டுக்காரியாகிய நான் பாறையைப் பிடித்துக்கொண்டேன். "பின்ன எதுதான் நெசம்?"

அவர் சொன்னார். கேட்டதனால் சொன்னாரா, சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தாரா தெரியாது. கப்பலுக்குக் கிளம்புகிற அன்றைக்கு அவருடைய அம்மா வெள்ளனே எழுந்து எல்லாருக்கும் சோறு கட்டினாராம். லாரியில் சாமான் ஏற்றியாயிற்று. பார்த்தால் அம்மாவைக் காணோம். தேடப் போன அப்பா கொஞ்ச நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். "அவ வரல. வெரசா ஏறு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஏன் வரவில்லை, சண்டையா, பயமா, வேறு என்ன என்று அன்று முதல் இன்றுவரை அப்பா வாயைத் திறக்கவில்லை. இங்கே வந்ததும் அம்மா செத்துவிட்டாள் என்று சொல்லி ஊர் வாயை அடைத்தது அத்தைதான். உயிரோடு இருக்கிற பொம்பளை ஏன் புருஷனோடு வரவில்லை என்று ஊர் ஆயிரம் கேட்கும், செத்துவிட்டாள் என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

"ரெண்டு காயிதம் போட்டாங்க. அப்பாவுக்குத் தெரியாம வாங்கி வச்சிருக்கேன். நல்லா இருக்கியா, நெஞ்சுச்சளி எப்படி இருக்குன்னு, அவ்வளவுதான். அங்க அந்தக் கலவரம் நடந்துச்சுல்ல, அதுக்குப் பெறகு ஒண்ணும் வரல. நான் நாலு போட்டேன். பதில் இல்ல."

"அப்ப, இருக்காங்கன்னு சொன்னீங்க?"

"செத்துட்டாங்கன்னு சொல்றது பொய்யிங்க. இருக்காங்கன்னு சொன்னா அதுவும் பொய்யோ என்னமோ. எனக்கே தெரியல."

"இதெல்லாம் எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"நீங்க மறுபடி வரப்போறதில்லைல்ல."

அந்த நேரத்தில் தொப்பியைக் கழற்றியிருக்க வேண்டும். கை தொப்பி வரைக்கும் போனது. காதைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டது. "பொண்ணுகிட்டச் சொல்லிர வேண்டியதுதானே" என்றேன்.

"சொன்னா குடுக்க மாட்டாங்கங்க. நல்ல பொண்ணாம், அத்த சொன்னாங்க. கொஞ்சம் கோவக்காரி மாதிரி தெரியுதாம்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அங்கிருந்து கிளம்பினேன். எப்படிக் கிளம்பினேன், அவரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பது நினைவில்லை. ஏற்றத்தில் கால் வரவில்லை. கொஞ்ச தூரத்தில் கொடைக்கானல் பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, கூரையில் பூண்டு மூட்டைகளுக்கு நடுவே சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறினேன். எந்த பஸ்ஸுக்குப் பயந்து சைக்கிளில் வந்தேனோ அதே பஸ். கண்டக்டர், "எஞ்சாய் பண்ணுனீங்களா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த வெள்ளியும் சனியும் நான் நம்பர் மாற்றி மாற்றித் தைத்தேன். முப்பத்தெட்டாம் நம்பர்ப் பிள்ளைக்கு எண்பத்து மூன்று போட்டுவிட்டேன். யார் மேல் கோபப்படுவது என்றே பிடிபடவில்லை. எங்களை ஏமாற்றினார்கள் என்று கோபப்பட்டால், நான் மட்டும் என்ன, பேண்ட்டை மாட்டிக்கொண்டு போய் ஒரு மனுஷனின் உள்ளே இருப்பதைத் திருடிக்கொண்டு வந்தவள்தானே. வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள், காரணத்தைச் சொன்னால் நான் போனது வெளிவரும், அவர் மானமும் போகும். சரி என்றால் தெரிந்ததைத் தெரியாதது போல ஆயுசுக்கும் நடிக்க வேண்டும். அந்த ஆள் பிடித்திருக்கிறதா என்று என்னையே கேட்டால், எந்த ஆள் என்று திருப்பிக் கேட்கத் தோன்றியது. தரையைப் பார்த்த ஆளா, மேகத்தைச் சிலோன் என்று காட்டிய ஆளா, பாறையில் உட்கார்ந்து பேசிய ஆளா?

ஞாயிற்றுக்கிழமை வடகவுஞ்சிக்குப் போனேன். அப்பா கேட்டார். சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இப்போதும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. மூன்றாவது ஆளைத்தான் நினைத்திருப்பேன் போல. அம்மா, "மாமியார் இல்லாத வீடு" என்று மறுபடியும் ஆரம்பித்தாள். "கொஞ்சம் சும்மா இரேன்" என்று நான் கத்தியதில் அப்பாவே பயந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுத அத்தையும் அவரும் வந்தார்கள். பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான், கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்று என்னிடமே பேனாவைக் கொடுத்தார்கள். அவர் சுவரோரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இனி நிமிர்ந்தால் குற்றமில்லை, ஆனாலும் பழக்கம். அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன். முகூர்த்தம், கோயில், எங்கள் அப்பா அம்மா பெயர். பிறகு மாப்பிள்ளையின் அப்பா பெயர். அடுத்து, "காலஞ்சென்ற" என்று சொல்லி அத்தை அவருடைய அம்மா பெயரைச் சொன்னார்.

பெயரை மட்டும் எழுதினேன். எழுதி முடித்து முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினேன்.

"ஏம்மா, காலஞ்சென்றன்னு போடணும். விட்டுப்போச்சு பாரு" என்றார் அத்தை.

"விட்டுப்போகல அத்த. செத்துட்டாங்கன்னு சேதி வரலல்ல. வராம எப்படி எழுதுறது?"

அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் காது சிவந்து, கண் கலங்கி, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் இத்தோடு முறிந்தது என்றே நினைத்தேன்.

"என்னடி சொல்ற? என்ன சேதி?" என்றாள் அம்மா.

அவர்தான் பதில் சொன்னார். என்னிடம் பாறையில் சொன்னதையெல்லாம் எங்கள் அப்பா அம்மாவிடம் சொன்னார். நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. பாதியில் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்கு மட்டும் ஆசையாடா அவளச் சாகடிக்கணும்னு" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வந்த கப்பல்லயும் எத்தன பேரு ஏறல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதுனபடியே இருக்கட்டும் தாயி. அச்சுக்குக் குடுத்துரலாம்" என்றார்.

அச்சாகி வந்ததும் அவர் ஒரு பத்திரிகையைத் தனியாக எடுத்து வைத்தார். தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் லயத்து நம்பரும் சொன்னார், கவரில் நான் எழுதினேன். கொடைக்கானல் தபாலாபீசுக்கு இரண்டு பேருமாகப் போய்ப் போட்டோம். பதில் வரவில்லை. ஆள் இல்லாவிட்டால் கவர் திரும்பி வர வேண்டும் இல்லையா, அதுவும் வரவில்லை. கல்யாணம் முடிந்து ஒரு வருடம் கழித்து, பூண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று கேட்டார்.

"கவரு திரும்பி வரலல்ல. அப்ப யாரோ கையில வாங்கியிருக்காங்கன்னுதான அர்த்தம்?"

பூண்டைத் திருப்பிப் போட்டேன். ஆமாங்க என்றேன்.